தெருமுனையில் ஏழு மாடி: எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது?

கேள்வி இதுதான். தெருமுனையில் வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த பட்டறையை இடித்துவிட்டு, 2,000 சதுர மீட்டர் மனையில் ஏழு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது; அறுபது வீடுகள். தெரு இரண்டுபட்டுக் கிடக்கிறது. ஒரு பக்கம் “உயரம் அதிகம், பார்க்கவே சகிக்கவில்லை” என்கிறது. இன்னொரு பக்கம் “பாழடைந்து கிடப்பதற்கு இது தேவலை” என்கிறது. அடுத்த மாதம் கட்டுமான நிறுவனம் கூட்டம் வைத்திருக்கிறது. வடிவமைப்பில் எதைக் கேட்டால் மாறும், எதைக் கேட்டால் நேரம்தான் போகும்?

நான் கட்டட வடிவமைப்பாளன். இந்த மாதிரிக் கூட்டங்களில் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன்: படத்தை வரைந்தவனாகவும், அதை எதிர்த்த தெருக்காரர்களுக்குத் துணையாகப் போனவனாகவும். வாக்குவாதம் முழுக்க ஆறாவது, ஏழாவது மாடியைச் சுற்றியே நடக்கும். கட்டி முடித்த பிறகு உங்களை நாள்தோறும் உரசப்போவது தரையிலிருந்து முதல் ஐந்து மீட்டர். அந்த ஐந்து மீட்டரில் கேட்கும் மாற்றங்கள் பெரும்பாலும் கிடைத்தும்விடும். அவற்றால் நிறுவனத்துக்கு ஒரு வீடுகூடக் குறையாது என்பதுதான் காரணம்.

முதல் வேலையாக, “அசிங்கம்” என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அழகு முக்கியமில்லை என்பதற்காக இல்லை. ரசனையைப் பற்றிய புகாருக்கு எதிராளியிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும்: “எங்களுக்குப் பிடித்திருக்கிறது.” அதோடு பேச்சு முடிந்தது. வியன்னாவில் அரண்மனைக்கு எதிரே 1910-ல் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் ஒரு கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார். மேல்மாடிகளில் ஒரு பூவேலை கிடையாது, சன்னலைச் சுற்றி ஒரு விளிம்பு கிடையாது. ஊர் கொதித்தது. “புருவமில்லாத வீடு” என்று பெயர் வைத்தார்கள். நகர நிர்வாகம் வேலையை நிறுத்தியது. கடைசியில் சன்னல்களில் வெண்கலப் பூத்தொட்டிகள் வைப்பதென்று சமாதானம் ஆனது. இன்றைக்கு அது பாதுகாக்கப்பட்ட சின்னம். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவ்வளவு கோபத்துக்கும் கிடைத்த பலன் பூத்தொட்டி. நடந்து போகிறவருக்கு லோஸ் கொடுத்ததெல்லாம் கீழே இருந்தது: பச்சை வரியோடிய பளிங்கு, தூண்கள், உள்ளே இழுக்கும் வாயில். ஊர் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தது.

இனி உயரம். ஏழு மாடி என்பது ஓர் அளவே இல்லை. தரைத்தளம் 4 மீட்டர், மேலே ஆறு தளங்கள் தலா 3 மீட்டர் என்றால் 22. அதன்மேல் கைப்பிடிச் சுவர், லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏறினால் 26, 27 வந்துவிடும். சில இடங்களில் வண்டி நிறுத்தும் தளத்தை மாடிக்கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே தாளில் ஏழு, கண்ணில் எட்டு. ஆகவே கட்டடத்தின் உச்சிப் புள்ளி சாலை மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

“இரண்டு மாடி குறையுங்கள்” என்று கேட்பதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., மனையைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்கிறது. அது 2 என்று வையுங்கள். மனை முழுவதையும் அடைத்தால் இரண்டு மாடி, பாதியை அடைத்தால் நான்கு, கால்வாசியை அடைத்தால் எட்டு. எல்லாமே ஒரே பரப்புதான். சட்டம் தந்த பரப்பை எந்த நிறுவனமும் தானாக விட்டுக்கொடுக்காது. ஏழு மாடியை ஐந்தாக்கினால் அந்த இரண்டு மாடியும் பக்கவாட்டில் பரவி உங்கள் மதில்வரை வரும். அதுவும் மோசம் என்று சொல்ல முடியாது. 1960-களில் கேம்பிரிட்ஜில் கட்டடக்கலை ஆய்வாளர்கள் லெஸ்லி மார்ட்டினும் லியோனல் மார்ச்சும் இதைக் கணக்கிட்டே காட்டினார்கள்: நடுவில் கோபுரமாக நிறுத்துவதை விளிம்பைச் சுற்றிக் கட்டினால், அதே பரப்பு மிகக் குறைந்த உயரத்தில் அடங்கும், நடுவே பெரிய முற்றமும் கிடைக்கும். தெருவுக்கு எது தேவலை என்று நீங்கள் கூட்டத்துக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே போய்ப் பாதிப் பேர் “உயரத்தைக் குறை” என்றும், மீதிப் பேர் “பக்கத்தில் இடம் விடு” என்றும் கேட்டால், நிறுவனம் இரண்டையும் குறித்துக்கொண்டு பழைய படத்தையே கட்டும். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இந்தக் கூட்டங்களைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்று தோன்றும்.

உயரத்தைக் குறைக்க முடியாதபோது அதைப் பின்னுக்குத் தள்ளலாம். நியூயார்க்கில் 120 பிராட்வே முகவரியில் எக்விட்டபிள் கட்டடம் 1915-ல் முடிந்தது. மனையைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு தளப்பரப்பு, தெரு விளிம்பிலிருந்து செங்குத்தாக ஏறி நின்றது. சுற்றியிருந்த தெருக்கள் இருட்டில் விழுந்தன. மறு வருடமே, 1916-ல், அந்த நகரம் கட்டட விதியைக் கொண்டுவந்தது. அந்த விதி உயரத்துக்கு மூடி போடவில்லை. மேலே போகப் போகப் பின்வாங்கு என்றது. மனையின் கால்பங்குப் பரப்பில் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் உயரலாம்.

உங்கள் தெருவுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். தெரு 9 மீட்டர் அகலம், கட்டடம் தெரு விளிம்பிலேயே எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் நிற்கிற ஆளின் கண் 1.6 மீட்டரில். ஐந்தாம் தளத்தின் விளிம்பு 16 மீட்டரில். அந்த விளிம்பைத் தொட்டு மேலே போகும் பார்வைக்கோடு ஒவ்வொரு மீட்டருக்கும் 1.6 மீட்டர் ஏறும். மேல் இரண்டு தளங்களும் 4 மீட்டர் உள்வாங்கினால், கோடு அங்கே போய்ச் சேரும்போது 22.4 மீட்டரில் இருக்கும். 22 மீட்டர் கட்டடம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். நடந்து போகிறவருக்கு அது ஐந்து மாடிக் கட்டடம். தொலைவிலிருந்து பார்த்தால் தெரியத்தான் செய்யும், ஆனால் தலைமேல் சாய்ந்து நிற்கிற உணர்வு போய்விடும். “மேல் இரண்டு தளங்களைத் தெருப்பக்கம் 4 மீட்டர் உள்ளே தள்ளுங்கள்” என்பது வரைபடக்காரர் மறுநாளே உட்கார்ந்து முயன்று பார்க்கக்கூடிய கோரிக்கை.

நிழலையும் இப்படி அளவாகவே கேளுங்கள். சூரியன் 45 பாகையில் இருந்தால் நிழல் கட்டடத்தின் உயரத்துக்குச் சமம். 30 பாகையில் 1.7 மடங்கு, அதாவது 22 மீட்டர் கட்டடத்துக்கு 38 மீட்டர். நிழல் எங்கே விழும் என்று காட்டும் படம் கொண்டுவருவார்கள், சூரியன் உச்சியில் இருக்கும் நாளின் நண்பகலுக்கு. வருடத்திலேயே சூரியன் மிகத் தாழ்ந்து போகும் நாளுக்கு, காலை 9, நண்பகல், பிற்பகல் 3 என்று மூன்று படம் கேளுங்கள். யார் வீட்டுச் சன்னல் எத்தனை மணி நேரம் வெயிலை இழக்கிறது என்று அதில் விரல் வைத்துக் காட்டலாம்.

படங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு தொழில் ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் திரையில் வரும் அந்தப் பளபளப்பான கணினிப் படம் பொய் சொல்லாது. எங்கே நின்று பார்ப்பது என்பதில்தான் சூது இருக்கிறது. அகன்ற லென்ஸ் போட்டால் தூரத்தில் இருப்பது சுருங்கும், கட்டடம் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். யாருமே நிற்க முடியாத இடத்திலிருந்து, பறவையின் பார்வையில் எடுத்தால் ஏழு மாடி பொம்மைபோல இருக்கும். இன்று நடும் கன்றுகள் படத்தில் இருபது வயது மரங்களாக நிற்கும். வானம் எப்போதும் நீலம். ஒரு படத்தில் பக்கத்து வீட்டைக் காணவில்லை; மங்கலான வெள்ளைப் பெட்டியாக வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் முன்வரிசையில்தான் இருந்தார். “என் வீட்டை ஏன் ஆவியாக்கிவிட்டீர்கள்?” என்று கேட்டார். சிரிப்பு அடங்கியதும் படம் போட்டவர் சொன்ன பதில் உண்மையாகவே இருந்தது: “அதையும் போட்டால் எங்கள் கட்டடம் மறைந்துவிடும் சார்.”

எனவே கண் மட்டத்தில், 1.6 மீட்டர் உயரத்தில், நீங்கள் சொல்லும் மூன்று இடங்களிலிருந்து படம் கேளுங்கள். அதைவிட நல்ல வழி சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அங்கே கட்ட அனுமதி கேட்கும்போதே மனையில் நெடிய கம்பங்களை நட்டு, வரப்போகும் கட்டடத்தின் மூலைகளையும் உயரத்தையும் காட்ட வேண்டும். கம்பத்தின் உச்சியில் கூரைச் சரிவைக் காட்டும் ஒரு சாய்ந்த துண்டுகூட இருக்கும். தெருவில் போகிற எவரும் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உங்கள் ஊரில் அந்த விதி இல்லாவிட்டால், காற்றில்லாத காலையில் ஹீலியம் பலூனை அளந்த கயிற்றில் கட்டி மனையின் மூலையில் 22 மீட்டருக்கு விடச் சொல்லுங்கள். நான் இருந்த ஒரு தெருவில் அதைச் செய்தபோது இரண்டு கட்சியுமே ஆளுக்குக் கொஞ்சம் இறங்கி வந்தன. பயந்த அளவுக்கு இல்லை என்று சிலர், நினைத்ததைவிட அதிகம் என்று சிலர்.

இப்போது அந்த ஐந்து மீட்டருக்கு வருவோம்.

அறுபது வீடுகளுக்கு வீட்டுக்கொரு கார் என்றால், ஒரு கார் நிற்க 2.5-க்கு 5 மீட்டர், அது திரும்பி வர வழியையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர். அறுபதுக்கும் சேர்த்து 1,500 முதல் 1,800. உங்கள் மனையே 2,000. தரைத்தளம் முழுவதையும் கார் விழுங்கிவிடும். தெருவைப் பார்த்து ஒரு சல்லடைச் சுவர், ஓர் இரும்புக் கதவு, அதன் பின்னால் வரிசையாக வண்டிகள். அப்படி ஒன்றை நானே வரைந்திருக்கிறேன். 40 மீட்டர் நீளம். விதிப்படி ஒரு குறை கிடையாது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் நான் எதிர் நடைபாதைக்கு மாறிவிடுகிறேன், மற்றவர்களும் மாறுகிறார்கள். மாலை இருட்டியபின் அந்த 40 மீட்டரில் ஒரு வெளிச்சம், ஒரு வாசல், ஒரு கண் கிடையாது.

டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கேல் வாழ்நாள் முழுவதும் இதைத்தான் அளந்தார். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் ஐந்து விநாடியில் 7 மீட்டர் போவார். அதற்குள் பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும்: கதவு, சன்னல், படிக்கட்டு, கடை முகப்பு. தெருவோடு பேச்சுத் தொடர்பு இருப்பதெல்லாம் ஐந்தாம் மாடி வரைதான் என்றும் சொன்னார். அதற்கு மேலே இருப்பவர் வானத்தோடுதான் பேச வேண்டும். நியூயார்க் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் “தெருமேல் கண்கள்” என்று சொன்னதும் இதைத்தான். காவலுக்கு ஆள் போடுவதைவிட, தெருவைப் பார்த்த சன்னலில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பது மேல்.

அதனால் கேட்க வேண்டியது இது. தெரு முகப்பில் எத்தனை வாசல்? ஆறேழு மீட்டருக்கு ஒன்றாவது திறப்பு உண்டா? தரைத்தள வீடுகளுக்குத் தெருவிலிருந்து தனிப்படி கொடுக்க முடியுமா? கார்களைப் பின்பக்கம் தள்ளி, முன்னால் ஆறு மீட்டர் ஆழத்துக்கு வீடோ கடையோ வைக்க முடியுமா? இடமில்லை என்பார்கள். அப்போது கார் எண்ணிக்கையைப் பேசுங்கள். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில், பிரெஞ்சுப் படை 1992-ல் காலி செய்துபோன முகாம் நிலத்தில் எழுந்த வௌபான் குடியிருப்பில், பல தெருக்களில் வீட்டு வாசலில் கார் நிறுத்தவே இடம் கிடையாது. விளிம்பில் இருக்கும் பொது நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். டிராம் போகிற ஊர் அது. உங்கள் தெருவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், அறுபதை நாற்பத்தைந்தாக்கினாலே முன்பக்கம் விடுபட்டுவிடும். வேடிக்கை என்னவென்றால், உயரத்தை எதிர்க்கிற அதே ஆள்தான் பெரும்பாலும் “கார் நிறுத்த இடம் போதாது” என்றும் எழுந்து சொல்வார். இரண்டும் ஒன்றையொன்று தின்னும் கோரிக்கைகள்.

பேஸ்மென்ட் போட்டால் தீர்ந்ததே என்று யாராவது சொன்னால் அதன் எல்லையைக் கேளுங்கள். மனை முழுக்க பேஸ்மென்ட் என்றால், மேலே புல்தரை காட்டினாலும் அது தொட்டிச் செடிதான். பெரிய மரம் வேர்விட ஒரு மீட்டருக்கு மேல் மண் வேண்டும், மழைநீர் இறங்கக் கீழே நிலம் வேண்டும். 2,000 சதுர மீட்டரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். முழுக்க கான்கிரீட் என்றால் அதில் ஏறத்தாழ 90,000 தெருவுக்கு ஓடும். பாதி நிஜ மண் என்றால் ஓடுவது 55,000 அளவில் நின்றுவிடும். அந்த வித்தியாசம் உங்கள் முழங்காலில் தெரியும்.

ஒரு கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒன்றரை மணி நேரம் முகப்பு ஓட்டின் நிறத்தைப் பற்றியே போனது. கடைசி வரிசையில் ஓர் அம்மா எழுந்து, “குப்பை வண்டி எங்கே நிற்கும்?” என்று கேட்டார். மேசையில் இருந்தவர் தாள்களைப் புரட்டினார், பின்னாலிருந்து திரும்பவும் புரட்டினார். குப்பை அறை தெருவின் மிகக் குறுகிய இடத்தில், பள்ளிக்கூட வாசலுக்கு நேரே இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், மீட்டர் அறை, காவலர் கூண்டு எல்லாவற்றையும் வைத்தபின் மிச்சமிருந்த மூலை அது. இரண்டு வாரத்தில் மாற்றிவிட்டார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் கட்டடத்தை மாற்றிய ஒரே வாக்கியம் அவருடையது. ஜெனரேட்டர் புகைக்குழாய் யார் சன்னலைப் பார்க்கிறது, பேஸ்மென்ட் ரேம்ப்பிலிருந்து வண்டி நடைபாதையில் ஏறும் இடத்தில் ஓட்டுநருக்கு எவ்வளவு தூரம் தெரியும், வீட்டுப் பொருள் ஏற்றி வரும் லாரி எங்கே ஒதுங்கும் என்பவையும் அந்த ரகம்.

இன்னொன்று, இது சிலருக்குப் பிடிக்காது. அந்த அறுபது வீடுகளில் வாழப்போகிறவர்கள் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 97 ஊர்களில் நடந்த இப்படிப்பட்ட கூட்டங்களின் குறிப்புகளை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துப் படித்தார்கள். புதிய வீடுகளை ஆதரித்துப் பேசியவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம்தான். பேசியவர்களில் வயதானவர்களும் சொந்த வீட்டுக்காரர்களும் ஊரில் இருக்கும் விகிதத்தைவிட அதிகம். வாடகைக்கு இருப்பவர், இரவு வேலைக்காரர், கைக்குழந்தைக்காரர் வருவதில்லை. “தெரு எதிர்க்கிறது” என்று நீங்கள் சொல்வதற்கு முன், அந்தத் தெருவில் யார் யாரைக் கேட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வீடே வேண்டாம் என்பவரும், வீடு வரட்டும் ஆனால் இப்படி வேண்டாம் என்பவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால், இரண்டாமவரின் பேச்சு எடுபடாமல் போகும். மனுவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

ஜேக்கப்ஸும் அக்கம்பக்கத்தாரும் இதைப் புரிந்துகொண்டவர்கள். நியூயார்க் வெஸ்ட் வில்லேஜை இடித்துக் கட்டும் திட்டத்தை 1961-ல் எதிர்த்து நின்று ஜெயித்தார்கள். அதோடு நிற்காமல் 1963-ல் தங்கள் சொந்தத் திட்டத்தை வைத்தார்கள்: லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி, காலி மனைகளில் மட்டும், ஒரு குடும்பத்தையும் அப்புறப்படுத்தாமல். அது எழ எழுபதுகளின் நடுப்பகுதி ஆகிவிட்டது; 420 வீடுகள். தாமதத்தில் செலவு ஏற ஏற அலங்காரத்தையெல்லாம் வெட்டி எறிந்தார்கள். வெறும் செங்கல் பெட்டி என்று கேலியும் கிடைத்தது. தெருவோடு அதன் உயரமும் ஒட்டுதலும் சரியாகவே இருக்கின்றன.

நல்லெண்ணமும் பங்கேற்பும் இருந்தால் எல்லாம் சரியாகும் என்றும் இல்லை. இங்கிலாந்தில் நியூகாசிலின் பைக்கர் பகுதியைத் திரும்பக் கட்டியபோது கட்டடக் கலைஞர் ரால்ஃப் எர்ஸ்கின் தன் அலுவலகத்தை அங்கேயே, பழைய சவச்சடங்குக் கூடம் ஒன்றில் திறந்தார். யாரும் உள்ளே வந்து பேசலாம். 46 குடும்பங்களோடு முன்னோட்டமாகக் கட்டியும் பார்த்தார். அவ்வளவுக்குப் பிறகும் அங்கே திரும்பக் குடியேறியது பழைய குடிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள். வேலை வருடக்கணக்கில் இழுத்தது, இடிப்பு முந்திக்கொண்டது. வடிவமைப்பைக் கேட்டது போலவே, எந்த வரிசையில் இடிப்பார்கள், எப்போது முடிப்பார்கள் என்று யாரும் விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் கூட்டம் எந்த வகை என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் பொதுமக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். அடியில் ஏமாற்று, நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும், உச்சியில் மக்களே முடிவெடுப்பது. பெரும்பாலான தெருக் கூட்டங்கள் மூன்றாம், நான்காம் படியில்தான் நிற்கின்றன. முதல் ஐந்து நிமிடத்தில் கேளுங்கள்: “இன்றைக்குச் சொல்வதில் எது எது மாறக்கூடும்? மாறியதை எந்தத் தேதியில் எங்களுக்குக் காட்டுவீர்கள்?” தூண்களின் இடம் முடிவாகிவிட்டதா என்றும் கேளுங்கள். முடிவாகியிருந்தால் ரேம்ப், லிஃப்ட், கார் வரிசை எல்லாம் அசையாது. வாசல், சுவர், குப்பை அறை மட்டும் அசையும். பேச்சை அதற்கேற்ப வெட்டிக்கொள்ளலாம்.

கூட்டத்துக்கு முன் ஒரே ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள்: தெருவுக்குக் குறுக்கே வெட்டிய படம். அதில் உங்கள் பக்கத்து வீடு, தெரு, நடைபாதை, புதுக் கட்டடம் எல்லாம் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும். தர மாட்டோம் என்றால் நீங்களே வரையலாம். ஒரு டேப்பும் கிராஃப் தாளும் போதும். ஒரு மீட்டருக்கு அரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் தெருவும் ஏழு மாடியும் ஒரே தாளில் அடங்கிவிடும். எதிர் நடைபாதையில் ஓர் ஆளை நிறுத்தி, 1.6 மீட்டரில் இருக்கும் அவர் கண்ணிலிருந்து கோட்டை இழுத்துப் பாருங்கள்.